45 ஆஃப்செட்டா, 25 ஆஃப்செட்டா?

கும்பகோணத்தில் காருக்கு அலாய் வீல் பார்க்கப் போனால் இரண்டு வகை, இரண்டும் 6 அங்குல அகலம்தான், வித்தியாசம் ஆஃப்செட்டில். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (காரில் வீலை மாட்டும் நடுப்பகுதி) பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே அது. பேக்ஸ்பேசிங் என்பது அந்த முகத்திலிருந்து உள்விளிம்பு வரை உள்ள தூரம். விளிம்புகளையும் சேர்த்தால் வீல் சுமார் 7 அங்குலம். அதில் பாதி சுமார் 89 மி.மீ.; அதோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் பேக்ஸ்பேசிங். ஆக 45-க்கு ஏறத்தாழ 134 மி.மீ., 25-க்கு 114.

அதாவது 25 போட்டால் சக்கரம் 20 மி.மீ. கூடுதலாக வெளியே துருத்தும். பார்க்கக் கம்பீரம்தான், சரி. ஆனால் நாலு பேரையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரைப் பள்ளத்தில் இறங்கினால் டயர் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) உரசலாம். பேரிங்குக்கும் சுமை கூடும். நடவுக்காலச் சேறு கதவெல்லாம் அப்பும். கம்பெனி வீல் 45 என்றால் நான் அதிலேயே நிற்பேன். 25-தான் வேண்டுமா, முன்சக்கரத்தை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.