பின்சக்கரக் கம்பி: நேர்க்கட்டா, மூன்று குறுக்கா?

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் ஏறுகிறவர்களின் சைக்கிளுக்கு, பின்சக்கரத்தில் நேர்க்கட்டு வேண்டவே வேண்டாம் என்பேன். நேர்க்கட்டில் ஒவ்வொரு கம்பியும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து வெளிவளையமான ரிம்முக்கு நேராக ஓடும். கம்பி நீளம் குறைவு, சில கிராம் மிச்சம், கட்டுவதும் சுலபம். பார்க்கவும் அழகுதான்.

ஆனால் மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது ஹப் திரும்பி ரிம்மை இழுத்தாக வேண்டும். அந்த முறுக்கை நேர்க்கம்பி சரியாகக் கடத்தாது. மூன்று குறுக்கில் ஒரு கம்பி வேறு மூன்று கம்பிகளைக் கடந்து, ஹப்பின் விளிம்பை உரசினாற்போல் சாய்ந்து கிளம்புகிறது. மிதித்ததும் பாதிக் கம்பிகளில் இழுவை கூடும், மறுபாதியில் கொஞ்சம் குறையும். ரிம் உடனே சுழலும். கம்பி மாட்ட 32 துளை உள்ள ஹப், 36 துளை உள்ள ஹப் இரண்டுக்குமே இது பொருந்தும். கடைசிக் குறுக்கில் கம்பியை மற்றதன் அடியில் நுழைத்துப் பின்ன மறக்காதீர்கள்.

டிஸ்க் பிரேக் என்றால் முன்சக்கரத்துக்கும் குறுக்குக் கட்டுதான். பிரேக்கின் முறுக்கும் ஹப் வழியாகவே போகிறது.

ரிம் பிரேக் உள்ள முன்சக்கரத்துக்கு நேர்க்கட்டு போடலாம். அதற்கும் ஹப் செய்த கம்பெனி அனுமதித்திருக்க வேண்டும். நேர்க்கட்டில் இழுவை முழுக்க வெளிப்பக்கமாக விழுவதால் ஹப்பின் துளையோரம் பிய்ந்துவிடக்கூடும்.