உச்சி வெயிலில் பேய் பார்க்க: கோட்டையா, குள்ளர் வீடா, தனுஷ்கோடியா?

போன வருஷம் முழுப் பரீட்சை லீவுக்கு அக்கா பிள்ளைகள் இரண்டும் பெங்களூரிலிருந்து காட்பாடியில் வந்து இறங்கின. ஸ்டேஷன் வாசலைத் தாண்டும் முன்பே பெரியவள் ஆரம்பித்துவிட்டாள்: "மாமா, இந்தத் தடவை பேய் இருக்கிற இடமா கூட்டிட்டுப் போங்க." அவளுக்குப் பதினாலு வயது. பாழடைந்த பங்களாவில் டார்ச் அடித்துக்கொண்டு திரிகிற வீடியோக்கள் பார்த்துக் கெட்டுப்போன கூட்டம். சின்னவனுக்குப் பேயும் வேண்டும், கடலும் வேண்டும். அக்கா போனில் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ராத்திரியில் எங்கேயும் போகக் கூடாது, வெயில் இருக்கும்போதே போய் வெளிச்சத்திலேயே திரும்பிவிடணும்.

"வெளிச்சத்துல எங்க மாமா பேய் வரும்?" என்று பெரியவள் சிணுங்க, திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தாள். "ராத்திரில இன்னா பேயி? உச்சி வேளையிலதான் அது நடமாடும். வெயில் ஏறனதும் அந்தப் புளியமரத்தாண்ட போயி நில்லு, தெரியும்."

ஆயா சொன்னதுதான் நம் ஊர்க் கணக்கு. பன்னிரண்டு மணி வெயிலில் கிணற்றடிக்குப் போகாதே, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெளியே நிற்காதே, கறிக்குழம்பை எடுத்துக்கொண்டு போனால் தூக்கின் மேல் ஒரு அடுப்புக்கரித் துண்டும் வேப்பிலையும் வை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நடுநிசிக்கு எவ்வளவு பயமோ, உச்சிப்பொழுதுக்கும் அவ்வளவு பயம். அப்படியிருக்க, வெயில் காலச் சுற்றுலாவையும் பேய்ச் சுற்றுலாவையும் ஒன்றாகப் போடுவதற்கு வேலூரை விடத் தோதான ஊர் எது? வெயில் இங்கே கொட்டிக் கிடக்கிறது. பேய் எங்கே அதிகம் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நோட்டை எடுத்து நாங்கள் போட்ட கணக்கு இது.

முதலில் கழித்துக் கட்டியது ராஜஸ்தானத்து பான்கர் கோட்டை. இந்தியாவில் பேய் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். ஆல்வார் மாவட்டத்தில் இருக்கிறது, 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை. சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் உள்ளே போகக் கூடாது என்று தொல்லியல் துறையே பலகை வைத்திருப்பதால் அதற்கு அப்படி ஒரு பேர். அங்கே சொல்லப்படும் சாபக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அரண்மனையின் நிழல் தன் இருப்பிடத்தின் மேல் விழக் கூடாது என்றாராம் ஒரு சாமியார். விழுந்தது, ஊர் அழிந்தது. பேய்க் கதைக்கும் வெயில்தான் காரணம், பாருங்கள். ஆனால் பலகைக்காக இரண்டு நாள் ரயிலில் போவதா? நம் வேலூர்க் கோட்டையும் அதே தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது.

தனுஷ்கோடிக்கு சின்னவன் ஓட்டுப் போட்டான். வேலூரிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் கடலுக்குள் போனார்கள். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கமே எழுதி வைத்துவிட்டது. இடிந்த தேவாலயமும் ரயில்வே கட்டடங்களின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை இருக்கிறது. இங்கேயும் பொழுது சாய்வதற்குள் கிளப்பிவிடுவார்கள். அதாவது அக்காவின் நிபந்தனையை அரசாங்கமே நிறைவேற்றித் தருகிறது.

வெயிலையும் கடலையும் மட்டும் பார்த்தால் தனுஷ்கோடிதான் ஜெயிக்கும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெள்ளை மணல், நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. கடல் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சூடு தெரியாது. ராத்திரி சட்டையைக் கழற்றும்போதுதான் கழுத்து எரிவது தெரியும். எங்கள் வேலூர் வெயில் அப்படி ஏமாற்றாது, நேராக முகத்தில் அறையும். ஆனால் தனுஷ்கோடியைப் 'பேய்' என்ற தலைப்பில் எழுதவே எனக்குக் கை வரவில்லை. அந்த ராத்திரியைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இடிந்த சுவர் ஓரமாகவே சங்கு, பாசிமணி விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் தங்கள் சொந்த அப்பன் பாட்டனைத் தேடிக்கொண்டு போகிறார்கள். அங்கே போய்க் கேமராவை வைத்துக்கொண்டு "இங்கே ராத்திரியில் ரயில் சத்தம் கேட்குமாம்" என்று பேசுவது அசிங்கம். கடலுக்காகப் போங்கள், பேயை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம் செலவு வேறு. நாலு பேர் தங்கிச் சாப்பிட்டு வருவதற்குள் கையைக் கடித்துவிடும்.

சோளிங்கரை எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். 1,305 படி ஏறினால் யோக நரசிம்மர். எதிர்க் குன்றில் யோக ஆஞ்சநேயர். பேய் பிடித்தவர்கள் என்று சொல்லப்படுபவர்களை இங்கே அழைத்துவந்து தக்கான் குளத்தில் குளிக்க வைப்பது காலங்காலமாக நடக்கிறது. நேரில் 'பேய் ஆடுவதை' பார்க்கலாம் என்று ஒரு நண்பன் ஆர்வமாகச் சொன்னான். அங்கே ஆடுவது யாரோ ஒரு வீட்டுப் பெண். கூட நிற்கும் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தவன் மறுபடி வேடிக்கை பார்க்கப் போக மாட்டான். சாமி கும்பிடப் போகலாம். 2024இல் ரோப் கார் வேறு வந்துவிட்டதால் முட்டி வலிக்காரர்களுக்கும் கஷ்டமில்லை. பேய்ப் பட்டியலில் மட்டும் வேண்டாம்.

ஏலகிரிக்குப் பேய் கிடையாது, போட்டிங்தான். விட்டாயிற்று.

ஜவ்வாது மலை நான் சேர்த்தது. கீழ்செப்பிலி பக்கத்தில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாகப் போட்ட சின்னச் சின்ன வீடுகள் கூட்டமாக நிற்கின்றன. முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை. பெரிய ஆள் நுழைய முடியாது. அதனால் மலைக்காரர்கள் அதைக் குள்ளர் வீடு என்கிறார்கள். பாண்டவர் வீடு என்பவர்களும் உண்டு. தொல்லியல்காரர்கள் பெருங்கற்காலத்துக் கற்திட்டை என்பார்கள், அதாவது செத்தவர்களுக்குக் கட்டிய வீடு. உயிரோடு இருந்தவர்களின் குடிசை எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போய்விட, செத்தவர்களின் வீடு மட்டும் நிற்கிறது. உச்சி வெயிலில் அந்த ஓட்டைக்குள் பார்த்தால் கண் இருட்டு பழகவே நேரமாகும். அந்த நேரத்துக்குள் உள்ளே என்ன இருப்பதாகவும் நினைத்துக்கொள்ளலாம். மலைக்காற்று இருப்பதால் வெயிலும் அடிவாரத்தை விடத் தேவலை. குறை என்னவென்றால், கதை சொல்ல ஆள் வேண்டும். ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துப் போகவில்லையென்றால் வெறும் கல்தான். கடை கண்ணி கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பும் வழியில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானத்தைப் பார்க்கிற பிள்ளையாக இருந்தால் பேயை மறந்துவிடும்.

சரி, கோட்டைக்கு வருவோம். கதை என்ற கணக்கில் இதை அடிக்க எந்த இடமும் கிடையாது, அதுவும் நுழைவுக் கட்டணம் இல்லாமல்.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் திரும்ப வந்துவிட்டார். ராஜா வரவில்லை. ஆனால் எத்தனை ராஜ குடும்பங்கள் இந்த அகழிக்குள் வந்து முடிந்திருக்கின்றன! 1614இல் விஜயநகர அரசர் ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தையும் எதிர்க்கோஷ்டித் தலைவன் ஜக்கராயனின் ஆட்கள் இங்கேயே கொன்றார்கள். ஒரு மகனை மட்டும் ஒரு வண்ணார் அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கடத்தியதாகக் கதை. 1799க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே கைதியாக இருந்து 1832இல் செத்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் கிடக்கிறார்.

1806 ஜூலை 10 எல்லாவற்றுக்கும் மேலே. நெற்றியில் குறி இடாதே, தாடியை எடு, தோல் வைத்த இந்தப் புதுத் தலைப்பாகையைப் போடு என்று கம்பெனி உத்தரவு போட்டதில் வெடித்தது. விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்து வெள்ளைக்காரச் சிப்பாய்களில் நூற்றுக்கும் மேலானவர்களைக் கொன்றார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தான். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்கள் நூறு பேரை வெளியே இழுத்துவந்து, பந்தாடும் சுவரில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். எல்லாம் நல்ல வெயிலில் நடந்தது. செத்த வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டை அருகே கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. சிப்பாய்களுக்கு இருப்பது மக்கான் பக்கத்துத் தூண், அதுவும் ரொம்பப் பிந்தி வைத்தது. பேயாக அலைய யாருக்கு உரிமை அதிகம் என்று பெரியவளிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தச் சுவர் எங்க மாமா இருக்கு?" என்றாள். அதற்கப்புறம் அவள் எந்தச் சுவரையும் சாய்ந்து நிற்கவில்லை.

நாங்கள் போனது மே மாதம், அக்னி நட்சத்திரம். தப்பு. மதில் மேல் நடந்து வந்ததில் சின்னவனுக்குத் தலை சுற்றியது. உதடு வெளுத்து, அகழிப் பக்கம் கையை நீட்டி ஏதோ உளறினான். ஜில்லென்று இருக்குமே என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் மதியத்துக்கு நடை சாத்தியிருந்தது. கோபுர நிழலில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றி, ஈரத் துண்டால் ஒற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஐஸ் கேட்டான். வீட்டுக்கு வந்ததும் ஆயா உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். "உச்சிப் பேயி அடிச்சிக்கீது" என்றாள். வெயிலில் மயங்கியதுதான் என்றேன். "அதைத்தாண்டா நானும் சொல்றேன்" என்றாள்.

அதனால் கோட்டைக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்ப் பத்துக்குள் வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகம் மூடியிருக்கும். இல்லையென்றால் மாசியில் வாருங்கள். மாசி என்றதும்தான் நாங்கள் நோட்டில் எழுத மறந்தது ஞாபகம் வந்தது: மயானக் கொள்ளை.

பிறந்ததிலிருந்து பார்ப்பதால் இது நமக்குச் சுற்றுலாவாகவே தெரிவதில்லை. மகா சிவராத்திரிக்கு அடுத்த நாள், பட்டப்பகலில், ஊர் மொத்தமும் சுடுகாட்டுக்குக் கிளம்புகிறது. இதற்கு மேல் என்ன பேய்ச் சுற்றுலா? சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மாவின் மண்டையோட்டை, அங்காளம்மன் மயானத்தில் சோற்றை இறைத்து ஆசை காட்டிக் கீழே இறக்கி மிதித்த கதை அது. வேலூரில் பல பேட்டைகளிலிருந்து தேர் கட்டிக்கொண்டு பாலாற்றங்கரைக்கு வருகிறார்கள். காளி வேஷம், எலும்புக்கூடு வேஷம், கையில் சூலம். அம்மன் தாண்டிப் போகட்டும் என்று சூடான தரையில் வரிசையாகப் படுத்துக் கிடக்கும் ஜனம். சுண்டலும் கொழுக்கட்டையும் காய்கறியும் சில்லறையும் தலைக்கு மேல் பறக்கும். நான் ஆறாவது படிக்கும்போது காளி வேஷம் போட்ட ஒருவர் என் பக்கம் திரும்பி நாக்கை நீட்டினார். நீல முகத்தில் வியர்வை கோடு போட்டு இறங்க, உள்ளே இருந்த தோல் தெரிந்தது. எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன். அது தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் அதிகமானது.

வெயிலும் அப்போது உறைக்கும், ஆனால் கொல்லாது. பயம் வேண்டுமென்றால் மற்ற எல்லா இடத்தையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். தொந்தரவும் உண்டு. நெரிசல் சொல்லி மாளாது. உயிர்க் கோழியைக் கடிப்பார்கள். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு கரை மேல் நிற்பதோடு சரி, ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். தேருக்குப் பக்கத்திலும் நிற்காதீர்கள்.

என் ஓட்டு மாசிக்குத்தான்: ஒரு நாள் காலை கோட்டை, மறுநாள் மயானக் கொள்ளை. தெம்பிருந்தால் மூன்றாம் நாள் ஜவ்வாது. அக்காவிடம் சொன்னபோது, பிள்ளைகளுக்கு அது பரீட்சை நேரமாயிற்றே என்று இழுத்தாள். பின்னால் பெரியவளின் குரல் கேட்டது: "ஜுரம்னு லீவ் லெட்டர் எழுதிடலாம்மா."

மூன்றாம் நாள் மலைக்குப் போவதென்றால் சாப்பாடு கட்ட வேண்டும். ஆம்பூர் பிரியாணியே வாங்கிப் போய்விடலாம் என்றேன். ஆயா அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து காகிதத்தில் மடித்து, இப்போதே என் பைக்குள் வைத்துவிட்டாள்.