செவ்வாய்க்கிழமை: சிறப்புப்பெயரா, பொதுப்பெயரா?

'விடுமுறை' பொதுப்பெயர், 'கிறிஸ்துமஸ்' சிறப்புப்பெயர். இதில் குழப்பமே இல்லை. சிக்கல் கிழமைகளில்தான்.

ஆங்கிலம் கிழமைப் பெயரைச் சிறப்புப்பெயராக எடுத்துக்கொண்டு பெரிய எழுத்தில் தொடங்குகிறது. பிரெஞ்சும் ஸ்பானியமும் அதையே பொதுப்பெயராக வைத்துச் சிறிய எழுத்தில் எழுதுகின்றன; கிறிஸ்துமஸுக்கு அங்கேயும் பெரிய எழுத்துதான். இந்தப் பார்வையிலும் நியாயம் உண்டு. செவ்வாய் ஆண்டுக்கு 52 முறையாவது வருகிறது. 'செவ்வாய்க்கிழமைகளில் வகுப்பு இல்லை' என்று பன்மையில் சொல்கிறோம். ஓர் ஊரின் பெயரை அப்படிச் சொல்வோமா?

சரி, தமிழுக்கு வருவோம். இங்கே பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது, பொருளைப் பார்த்துத்தான் முடிவு. மரம் பொதுப்பெயர், தென்னை சிறப்புப்பெயர் என்கிறது நம் இலக்கணம். தோப்பு முழுக்கத் தென்னைகள் நின்றாலும் அது சிறப்புப்பெயர்தான். அதே அளவுகோலில் 'கிழமை' ஏழுக்கும் பொது. 'செவ்வாய்' அந்த ஏழில் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. அதனால் தமிழில் அது சிறப்புப்பெயர் என்றே நான் உறுதியாகச் சொல்வேன். பன்மை வருவது இங்கே தடையே இல்லை.

அப்புறம், 'திங்கள்' என்று மட்டும் எழுதும்போது கவனம் தேவை. நிலவு, மாதம், கிழமை மூன்றையும் அது குறிக்கும். 'திங்கட்கிழமை' என்று முழுதாக எழுதிவிடுங்கள்.