சின்னப் பின்னுக்கு நல்ல பஞ்ச்: ஸ்டாரெட் எஸ்565 செட், மூன்று வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மகள் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில், அதாவது ராணுவ வகைத் துப்பாக்கிக்கான போட்டிகளில், சுடுகிறாள். 200, 300, 600 கெஜ தூரங்களில், ஏஆர்-15 துப்பாக்கியில். சுடுவது அவள் வேலை. திரும்பி வந்ததும் கராஜில் மேசை விளக்கைப் போட்டு போல்ட்டை, அதாவது தோட்டாவுக்குப் பின்னால் பூட்டி நிற்கும் பகுதியை, பிரித்துச் சுத்தம் செய்வது எங்கள் இருவர் வேலை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனி டூல்ரூமில் பதினோரு வருடம் இருந்தேன், இப்போது ஹூஸ்டனில் ஒரு மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். துப்பாக்கியைப் பற்றி அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். பின்னையும், அதைத் தட்டி வெளியே தள்ளும் பஞ்ச் என்ற எஃகுக் கம்பியையும் பற்றி அவள் என்னிடம் கற்றுக்கொண்டாள்.

முதலில் நான் வாங்கியது இந்த செட் அல்ல. ஒரு தள்ளுபடிக் கடையில் கிடைத்த மலிவான செட். அந்த வருடம் 300 கெஜத்தில், 70 விநாடிக்குள் 10 தோட்டா சுட வேண்டிய சுற்றில், மகளின் துப்பாக்கியிலிருந்து வெற்றுக்கூடுகள் தள்ளிப்போய் விழாமல் பக்கத்திலேயே பொத்து பொத்தென்று விழுந்தன. ஏழாவது கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, கூட்டை வெளியே தள்ளிவிடும் எஜெக்டரை விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே போனது, திரும்பி வரத் தயங்கியது. கூட்டின் விளிம்பிலிருந்து சுரண்டப்படும் பித்தளைத் தூள் அந்தச் சின்னத் துளைக்குள் கரியோடு சேர்ந்து களிம்பாக இறுகியிருந்தது. அதை எடுக்க எஜெக்டரை வெளியே எடுக்க வேண்டும். எஜெக்டரை எடுக்க, அதைக் குறுக்கே பிடித்திருக்கும் ரோல் பின்னை எடுக்க வேண்டும்.

அந்த மலிவு செட்டின் 1/16 அங்குலப் பஞ்ச் மூன்றாவது தட்டிலேயே வில்லாக வளைந்துவிட்டது. வளைந்ததோடு நிற்கவில்லை, வழுக்கிப் போய் போல்ட்டின் மேல் ஒரு கீறல் போட்டது. மெல்லிய கீறல்தான், துப்பாக்கியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மகள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது போட்டிக்குப் போற துப்பாக்கி" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே ஸ்டாரெட் செட்டுக்கு ஆர்டர் போட்டேன்.

ஸ்டாரெட் என்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆத்தல் என்ற ஊரில் 1880இல் தொடங்கிய கம்பெனி. மைக்ரோமீட்டர், வெர்னியர் என்று டூல்ரூமில் கைபடாத நாள் இல்லாத பெயர். எஸ்565 செட்டில் எட்டு பஞ்ச்கள்: 1/16, 3/32, 1/8, 5/32, 3/16, 7/32, 1/4, 5/16 அங்குலம். ஒவ்வொன்றும் சுமார் நான்கு அங்குல நீளம். பிடிக்கிற இடத்தில் நர்லிங் (சொரசொரப்பான வரிகள்) போட்டிருக்கிறது, எண்ணெய்க் கையிலும் நழுவாது. மலிவு செட்டின் விலையைப் போலப் பல மடங்கு. போல்ட் வேலைக்கு இதில் எனக்குத் தேவைப்படுவது முதல் இரண்டு அளவுகள்தான். மற்றவை வீட்டிலும் ஷாப்பிலும் வேறு வேலைகளுக்குப் போகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த பஞ்ச்களின் முனை தட்டையானது. திடமான பின்னுக்கு அது சரி. ரோல் பின் அப்படியில்லை. ஸ்பிரிங் எஃகுத் தகட்டைச் சுருட்டி, நீளவாக்கில் ஒரு பிளவு விட்டுச் செய்த குழாய் அது. துளையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அந்த இறுக்கத்தில்தான் நிற்கும். தட்டை முனையால் தட்டும்போது கொஞ்சம் கோணினாலும் குழாயின் விளிம்பு மடிந்து பிசிறு எழும்பும். ரோல் பின் பஞ்ச்சின் முனையில் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அது குழாய்க்குள் உட்கார்ந்து பஞ்ச்சை நடுவிலேயே நிறுத்தும். அதனால் குமிழ் முனை உள்ள 1/16 பஞ்ச் ஒன்றைத் தனியாக வாங்கினேன். பின்னை அசைப்பதும் முக்கால்வாசி ஓட்டுவதும் அது. கடைசியில் முழுதாக வெளியே தள்ளுவதற்கு ஸ்டாரெட்டின் 1/16. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

ஏஆர் போல்ட்டில் சின்னப் பின்கள் மூன்று. மூன்றுக்கும் குணம் வேறு வேறு. போல்ட்டைத் தொடுவதற்கு முன் மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். மகள் பார்த்த பிறகு நானும் ஒருமுறை பார்ப்பேன்.

முதல் பின், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்திருக்கும் ரீடெய்னிங் பின். காட்டர் பின் மாதிரி இரண்டு கால்கள். இதற்கு பஞ்ச்சே வேண்டாம், விரல் நகத்தால் இடது பக்கம் இழுத்தால் வந்துவிடும். இதன் கால்களை விரிக்கவும் கூடாது, நெருக்கவும் கூடாது. வெளியே வந்ததும் கால்கள் சற்று அகன்றிருப்பதைப் பார்த்து, பழக்க தோஷத்தில் இடுக்கியை எடுத்து நெருக்கப் போனேன். "அப்பா, அதை அப்படியே விடுங்க" என்று மகள் கையைப் பிடித்தாள். திரும்பப் போட்டதும், போல்ட்டைத் தாங்கும் கேரியரின் பின்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டுகிறோம். ஃபயரிங் பின் கீழே விழுந்தால் ரீடெய்னிங் பின் அதன் விளிம்பு வளையத்துக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதை அடுத்து, போல்ட்டைத் திருப்பிப் பூட்டவைக்கும் கேம் பின். இது சின்னதில்லை, கால் சுற்று திருப்பித் தூக்கினால் வரும். இதைப் போட மறந்து துப்பாக்கியைச் சேர்த்துவிட்டால் போல்ட் பூட்டிக்கொள்ளாமலேயே தோட்டா வெடிக்கக்கூடும், துப்பாக்கி சிதறிவிடும். அதனால் மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே வைக்கிறோம். சேர்த்து முடிக்கும்போது துணியில் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது.

இரண்டாவது, கூட்டைக் கொக்கியால் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் பின். திடமான பின், இறுக்கம் கிடையாது. எக்ஸ்ட்ராக்டரின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஸ்பிரிங் பளுவை எடுத்துவிட்டால் 1/16 பஞ்ச்சைக் கையாலேயே தள்ளலாம். சுத்தியலே தேவையில்லை. தேவைப்படுகிறது என்றால் கரி பிடித்திருக்கிறது. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருப்பதுதான் வழி. ராணுவத்தில் இதை ஃபயரிங் பின்னின் முனையாலேயே தள்ளச் சொல்லித்தருகிறார்கள். களத்தில் அது சரி, மேசையில் பஞ்ச் இருக்கும்போது அந்த முனையை நான் ஏன் தொட வேண்டும்?

மூன்றாவதுதான் ரோல் பின். போல்ட் உருண்டை, மேசையில் நிற்காது. வி வடிவப் பள்ளமும் துளைகளும் உள்ள பெஞ்ச் பிளாக் ஒன்று கட்டாயம் வேண்டும். பின் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே பிளாக்கின் துளை வர வேண்டும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன்; பஞ்ச் வழுக்கினாலும் டேப்பில்தான் விழும். எஜெக்டர் ஸ்பிரிங்கின் பளு பின்னின் மேல் இருக்கும்போது தட்டினால் பின்னும் நெளியும், வந்ததும் எஜெக்டர் பறந்தும் போகும். அதற்கென்று அழுத்திப் பிடிக்கும் சின்னக் கருவி விற்கிறார்கள். எக்ஸ்ட்ராக்டர் இடத்தில் இருந்தால் ஒரு வெற்றுக்கூட்டை அதன் கொக்கியில் மாட்டி எஜெக்டரை அழுத்தி வைக்கலாம். எங்களிடம் கருவி இருக்கிறது, இருந்தாலும் இரண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம்.

அப்புறம் சின்னப் பித்தளைச் சுத்தியல். ஓங்கி அடிக்க வேண்டாம், டக் டக்கென்று மணிக்கட்டால் தட்டினால் போதும். பின் அசையும்போது சத்தம் மாறும். கூர்மையாக இருந்தது கொஞ்சம் மொத்தையாகும். ஸ்டாரெட் பஞ்ச்சில் அந்த மாற்றம் விரலுக்கும் தெரிகிறது, ஏனென்றால் எஃகு வளைந்து அடியைத் தின்பதில்லை. மூன்று வருடத்தில் 1/16 இன்னும் நேராக இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை.

எஜெக்டர் வந்ததும் துளையைக் கரைப்பான் விட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் துடைக்கிறோம். முதல் தடவை வந்தது கறுப்பு சேறு, நடுவில் பொன் நிறத் துகள்கள். ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், பழையது குட்டையாகியிருந்தது, மாற்றினோம். திரும்பப் போடும்போது எஜெக்டரின் பக்கவாட்டுப் பள்ளம் பின் வரும் வழியைப் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின் பாதியிலேயே நின்றுவிடும். நின்றால் பலம் போடாமல் திருப்பிப் பார்ப்பது நல்லது. கழற்றிய ரோல் பின்னைத் திரும்பப் போடுவதில்லை. புதுப் பின்னுக்குக் காசு அற்பம், பழைய பின்னுக்கு இறுக்கம் குறைந்திருக்கும். உட்கார்ந்த பிறகு இரண்டு பக்கமும் நகத்தால் தடவிப் பார்க்கிறேன். எங்கும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

குறை என்று பார்த்தால், செட்டோடு வரும் பிளாஸ்டிக் உறை. எனக்கு அது பிடிக்கவில்லை, ஷாப்பில் ஒரு மரக்கட்டையில் எட்டுத் துளை போட்டு அதில் நிறுத்திவிட்டேன். ரோல் பின் வேலைக்கு மட்டும் வாங்குகிறவர்கள் இந்த செட்டை வாங்க வேண்டாம், குமிழ் முனை செட்டை வாங்குங்கள். இரண்டு வகைப் பின்னும் கையாள்கிறவர்களுக்கு இது செலவு செய்யத் தகுந்தது. பஞ்ச்கள் தனித்தனியாகவும் கிடைக்கின்றன. 1/16 மட்டும் ஒன்று கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறேன், மகள் போட்டிக்குப் போகும்போது அவள் பெட்டியில் நான்கு புது ரோல் பின்னோடு அது போகிறது.