கூகுள் ஃப்ளைட்ஸ் விலை நாட்காட்டி: நெரிசலைத் தவிர்க்க எந்த அளவுக்கு உதவுகிறது?

சில ஆண்டுகளாக என் வெளிநாட்டுப் பயணங்களின் தேதிகளைக் கூகுள் ஃப்ளைட்ஸ் தளத்தின் விலை நாட்காட்டியைப் பார்த்த பிறகே முடிவு செய்து வருகிறேன். மலிவான பயணச்சீட்டைத் தேடித் தரும் கருவி என்ற வகையில் அதைப் பலரும் அறிவார்கள். கூட்டம் குறைந்த வாரத்தைக் கண்டுபிடிக்க அது எவ்வளவு தூரம் துணை நிற்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிட விரும்புகிறேன்.

புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் கொடுத்துவிட்டுத் தேதிப் பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு நாளின் கீழும் அன்றைய குறைந்த கட்டணம் தெரியும். அதைவிடப் பயனுள்ளவை அதனுடன் வரும் இரண்டு வசதிகள். புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் காட்டும் தேதிக் கட்டம் ஒன்று. பயணத்தின் நீளத்தை, எடுத்துக்காட்டாகப் பத்து நாள் என்று நிலைநிறுத்திவிட்டு, புறப்படும் நாள் நகர நகரக் கட்டணம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் விலை வரைபடம் மற்றொன்று. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் செங்குத்தாக ஏறும் கட்டணம் ஜனவரி இரண்டாம் வாரத்தில் எப்படிச் சரிகிறது என்பதை அந்த வரைபடத்தில் பார்க்கும்போது, ஒரு வாரம் தள்ளிப் புறப்படுவதன் மதிப்பு சட்டென்று விளங்கிவிடும். இடைநிறுத்தங்களின் எண்ணிக்கையை முதலிலேயே வரையறுத்துவிட்டு வரைபடத்தைத் திறப்பது நல்லது. இல்லாவிட்டால் நள்ளிரவில் பல மணி நேரம் காத்திருக்க வைக்கும் இணைப்பு விமானங்களின் கட்டணமே தாழ்ந்த புள்ளியாக நின்று நம் கணிப்பைத் திசை திருப்பும்.

விமானக் கட்டணம் கூட்டத்துக்கு ஓரளவு நல்ல அளவுகோல்தான், ஆனால் அந்த விமானத்தில் எத்தனை பேர் ஏற விரும்புகிறார்கள் என்பதையே அது அளக்கிறது, போய்ச் சேரும் நாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அளப்பதில்லை. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுத் தந்தது ஜப்பான். அங்கே ஏப்ரல் 29, மே 3, 4, 5 ஆகிய நாட்கள் அரசு விடுமுறைகள். இடைப்பட்ட நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு நாட்டு மக்களே பெருந்திரளாகச் சொந்த ஊருக்கும் சுற்றுலாத் தலங்களுக்கும் கிளம்பிவிடுவார்கள். அந்த வாரத்துக்கான கட்டணம் மிதமாகத் தெரிந்ததால் நான் பதிவு செய்யும் நிலைக்கே போய்விட்டேன். பிறகு விடுதிகளைத் தேடியபோதுதான் கியோட்டோவில் இடமே இல்லை என்று தெரிந்தது. புல்லட் ரயில்களில் முதன்மையான நொஸோமி வண்டிகளின் இருக்கைகள் எல்லாம், 2023 இறுதியிலிருந்து, இந்த வாரத்திலும் ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகைக் காலத்திலும் ஆண்டு இறுதியிலும் முன்பதிவு செய்தவர்களுக்கே ஒதுக்கப்படுகின்றன. இவற்றில் எதையும் விலை நாட்காட்டி சொல்லாது. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கில்லை. உள்நாட்டு விடுமுறைப் பட்டியலைத் தனியே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது நம் வேலை. அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நகரும் பண்டிகைகளிலும் கவனம் தேவை. சந்திரப் புத்தாண்டு 2025இல் ஜனவரி 29 அன்றும் 2026இல் பிப்ரவரி 17 அன்றும் வருகிறது. ஈஸ்டர் 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. ஆகவே சென்ற ஆண்டு இதே வாரத்தில் போய்வந்த நண்பரின் அனுபவம், எவ்வளவு நேர்மையாகச் சொல்லப்பட்டிருந்தாலும், இந்த ஆண்டுக்கு நேர்மாறாக அமைந்துவிடலாம்.

கூகுள் மேப்ஸில் ஒவ்வோர் இடத்துக்கும் மணிவாரியாகக் கூட்டத்தைக் காட்டும் பட்டை வரைபடத்தைப் பலர் இந்தக் குறைக்கு மாற்றாகக் கருதுகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, காலையில் போவதா மாலையில் போவதா என்று முடிவு செய்ய அது மிகவும் உதவுகிறது. திட்டமிடும் கட்டத்தில் அதை நம்புவது தவறு, ஏனெனில் அது அண்மைக் காலத்து வருகையின் சராசரி. பனிக்காலத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஜூலையிலும் காலை பதினோரு மணிக்கு இந்த அளவுதான் கூட்டம் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

உண்மையில் கூட்டத்தைப் பற்றி நான் கண்டவற்றுள் நம்பகமான முன்னறிவிப்பு, அதைக் கட்டுப்படுத்த முயலும் நகரங்களே வெளியிடும் அட்டவணைகள்தான். வெனிஸ் நகரம் ஒரு நாள் மட்டும் வந்துபோகும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கிய 2024இல் அதற்கு 29 நாட்களைக் குறித்தது. 2025இல் அது 54 நாட்களாயிற்று. தாங்க முடியாத கூட்டத்தை அந்நகரம் எந்தெந்த நாட்களில் எதிர்பார்க்கிறது என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது; கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருப்பவர்களும் அதைப் படித்துவிட்டே தேதி குறிப்பது நல்லது. ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் 2023 செப்டம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேரை மட்டுமே அனுமதிக்கிறது. ஒவ்வோர் இடமும் வாரந்தோறும் மூடியிருக்கும் நாட்களும் இதே அளவு முக்கியமானவை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். எனவே லூவரில் இடமில்லாத கூட்டம் செவ்வாயன்று வெர்சாய் பக்கம் திரும்புவது இயல்பே. நான்கு நாள் பயணத்தில் இந்த ஒரு செய்தி, வாரத்தின் எந்த நாளில் போய் இறங்குவது என்பதையே மாற்றிவிடும்.

ஆகையால் விலை நாட்காட்டியை நான் இப்போது கடைசியில்தான் திறக்கிறேன். விடுமுறைப் பட்டியலையும் நுழைவு அட்டவணைகளையும் பார்த்து மூன்று வாரங்களைத் தேர்ந்துகொண்டு, அந்த மூன்றுக்கு மட்டும் வரைபடத்தில் கட்டணத்தை ஒப்பிடுகிறேன். பிடித்த தேதிகளுக்கு விலைக் கண்காணிப்பை இயக்கிவிட்டால், மாற்றம் வரும்போது மின்னஞ்சல் வந்துவிடும். அந்த அஞ்சல்கள் என்னைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கான அனுமதிச் சீட்டுகள் ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரங்களுக்குப் பிந்தைய நாட்களுக்காகத்தான் வெளியாகின்றன. விமானச் சீட்டையோ அதற்குப் பல மாதங்கள் முன்பே எடுத்தாக வேண்டியிருக்கிறது. அத்தகைய ஊர்களுக்கு நான் தேதிக் கட்டத்தில் மிகத் தாழ்ந்த கட்டணத்தை விட்டுவிட்டு, இரண்டு நாள் கூடுதலாகத் தங்க இடம் தரும் கட்டத்தையே தேர்ந்தெடுக்கிறேன்.