சைடு வேலையில் மூழ்கிய சக ஊழியர்: சமாளிப்பதா, பேசுவதா, போட்டுக்கொடுப்பதா?

டீம் கணக்கில் ஐந்து பேர். வேலை நடப்பது நாலு பேரை வைத்து. ஐந்தாமவர் லீவில் இல்லை. ஆபீஸ் சாட் ஆப்பான டீம்ஸில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறது, காலைக் கூட்டத்தில் "போய்க்கிட்டிருக்கு, இன்னைக்கு முடிச்சிடுவேன்" என்கிறார். ஆனால் அவர் பெயரில் இருக்கும் டிக்கெட், அதாவது அவருக்கு ஒதுக்கிய வேலை, நகர்வதில்லை. வேறு யாருக்கோ வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருப்பார், அல்லது மனை வாங்க வந்த பார்ட்டியிடம் மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார், அல்லது ஷேர் மார்க்கெட்டில் ஆப்ஷன் டிரேடிங் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த டிக்கெட் உங்களிடம் வந்து சேரும்.

இதற்கு ஆபீசிலேயே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பேசாம நீயே முடிச்சு விட்டுடு" என்பார் ஒருவர். "கையை எடுத்துடு, அப்பத்தான் தெரியும்" என்பார் இன்னொருவர். அவரிடமே கேள், டீம் லீடிடம் சொல், பெயர் போடாமல் எச்ஆருக்கு ஒரு மெயில் தட்டிவிடு என்று மற்றவர்கள். இந்த ஐந்தில் எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். அவர் சைடு வேலை பார்ப்பது ஒரு விஷயம். அவருடைய வேலை உங்கள் தலையில் விழுவது வேறு விஷயம். முதலாவது அவருக்கும் கம்பெனிக்கும் இடையில் உள்ளது, இரண்டாவதுதான் உங்களுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நியாயம் பக்கத்தில் இருந்தும் பல பேர் கெட்ட பெயர் வாங்குகிறார்கள்.

முதலாவதில் கம்பெனிகளே ஒரே கருத்தில் இல்லை. 2022 ஆகஸ்டில் ஸ்விகி, சில நிபந்தனைகளோடு ஊழியர்கள் வெளிவேலை பார்க்கலாம் என்று அறிவித்தது. அதே மாதம் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி இதை அப்பட்டமான ஏமாற்று என்றார். போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை நீக்கிவிட்டதாக அடுத்த மாதம் சொன்னார். இன்ஃபோசிஸ் செப்டம்பரில் கடுமையாக எச்சரித்து மெயில் அனுப்பியது, அக்டோபரில் மேனேஜர், எச்ஆர் இருவரின் சம்மதமும் இருந்தால், போட்டியில்லாத நிறுவனங்களுக்குச் சில வெளிவேலைகளைச் செய்யலாம் என்று வழிவிட்டது. ஆக, உங்கள் பக்கத்து சீட்காரர் அனுமதி வாங்கித்தான் செய்கிறாரோ என்னவோ, உங்களுக்குத் தெரியாது. ஏன் செய்கிறார் என்பதும் முழுசாகத் தெரியாது. புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 3.5 லட்சம் என்ற சம்பளம் பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகளில் பத்து வருடத்துக்கும் மேலாக ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. வீட்டு வாடகையும் கல்விக் கடனும் நிற்கவில்லை. வெளியே நாலு காசு பார்க்க நினைப்பவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தக் காசுக்கான நேரத்தை இன்னொருவரின் தூக்கத்திலிருந்து எடுக்கும்போதுதான் கோபம் வருகிறது.

சரி, வழிகளுக்கு வருவோம். சத்தமில்லாமல் நீங்களே முடித்துக்கொடுப்பது நல்ல மனசு போலத் தெரியும். அவர் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார், ஒரு வாரம் என்றால் அதுதான் சரியான வழி, யோசிக்கவே வேண்டாம். மாதக்கணக்கில் போனால் நடப்பது வேறு. டிக்கெட் அவர் பெயரில் இருக்கிறது, நீங்கள் சரிசெய்கிறீர்கள், அவர் மூடுகிறார். ரிப்போர்ட்டில் அவர் கணக்கு முழுசாக நிற்கும், உங்கள் சொந்த வேலை தள்ளிப்போயிருக்கும். சம்பள உயர்வை முடிவு செய்யும் அப்ரைசலில் மேனேஜர் பார்ப்பது அந்த ரிப்போர்ட்டைத்தான். இன்னொரு கேடும் உண்டு: ஐந்து பேர் வேலையை ஐந்து பேரே செய்வதாக மேலே நினைப்பார்கள், கூடுதல் ஆள் வேண்டும் என்ற பேச்சே எழாது.

இதற்கு நேர் எதிர், கையை எடுத்துவிடுவது. தேங்கட்டும், கிளையன்ட் கத்தட்டும், அப்போது எல்லோருக்கும் தெரியும் என்ற கணக்கு. இதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் செய்தால் பழி உங்கள் மேல் திரும்பும். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. சப்போர்ட் டீமாக இருந்தால் ராத்திரி போன் வருவதும் ஆன்காலில், அதாவது அவசரத்துக்கு எந்நேரமும் எடுக்க வேண்டிய முறையில், இருக்கிற வேறொரு அப்பாவிக்குத்தான். அதனால் நான் இப்படிப் பிரிப்பேன்: கிளையன்ட் நேரடியாகப் பயன்படுத்தும் புரொடக்‌ஷன் சிஸ்டம் விழுந்து கிடந்தால் யார் பெயரில் இருந்தாலும் முதலில் எழுப்பிவிடுங்கள். மற்றதெல்லாம் அவருடையது, அவரிடமே நிற்கட்டும். ஆனால் முந்தின நாளே குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: "நாளைக்கு என்கிட்ட ரிலீஸ் வேலை இருக்கு, அந்த ரெண்டு டிக்கெட்டை என்னால பார்க்க முடியாது." குற்றச்சாட்டு கிடையாது, வெறும் தகவல். ஒத்துழைக்கவில்லை என்ற பழியிலிருந்து அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

நேரில் பேசுவதும் லீடிடம் போவதும்தான் உண்மையில் போட்டி போடும் வழிகள். எது முதலில்? எப்போதும் நேரில் பேசுவதுதான் என்பேன், ஒரு காரணத்துக்காக. லீடிடம் நீங்கள் போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி "அவர்கிட்ட பேசினீங்களா?" என்பதுதான். பேசவில்லை என்றால் அந்தக் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

பேசும் இடம் டீக்கடையாக இருக்கட்டும், சீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். சைடு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்க வேண்டாம். எடுத்த கணமே பேச்சு "அது என் பர்சனல்" என்று திரும்பிவிடும், டிக்கெட்டுக்குத் திரும்பி வரவே வராது. வயதில் மூத்தவர் என்றால், "அண்ணா, போன வாரம் உங்க பேர்ல இருந்த மூணு டிக்கெட்டையும் நான்தான் உட்கார்ந்து முடிச்சேன். ரெண்டு நாள் வீட்டுக்குப் போகப் பத்து மணி ஆச்சு. இனிமே என்னால இப்படி முடியாதுண்ணா." சம வயது என்றால் இதே விஷயம் "மச்சி"யோடு போகட்டும். "எல்லாரும் பேசிக்கிறாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார் என்று அவர் தேட ஆரம்பிப்பார், வேலை மறந்துபோகும்.

பதில் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். சிலர் முகம் சுருங்கி, அன்றைக்கே திருந்துவார்கள். அடுத்தவர் இரவு உட்கார்ந்தது அவர்களுக்கு நிஜமாகவே தெரிந்திருக்காது. சிலர் "ஒரு மாசம் பாத்துக்கோடா" என்பார்கள். அப்போது எந்தத் தேதி வரை, எந்த வேலை மட்டும், பதிலுக்கு என் எந்த ஷிப்டை நீ எடுத்துக்கொள்வாய் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். தேதி சொல்லத் தயங்கினால் அது ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை. மூன்றாவது பதிலில்தான் ஆபத்து: "அந்த ப்ராஜெக்ட்ல உனக்கும் ஒரு பங்கு தர்றேன்." காசைத் தொட்ட நிமிடம் நீங்களும் அதில் ஒரு ஆள். பிறகு எவ்வளவு சுமை ஏறினாலும் வாயைத் திறக்க முடியாது.

பேசியும் மாறவில்லை என்றால் லீடிடம் போகலாம், அதில் முதுகில் குத்துவது எதுவும் இல்லை. என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அவன் ஆபீஸ் நேரத்துல வேற கம்பெனிக்கு வேலை பாக்கிறான்" என்றால் நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் மேல். "இந்த மாசம் எனக்கு ஒதுக்கினது இவ்வளவு, அதுக்கு மேல நான் முடிச்சது இந்த நம்பர்கள், இந்தத் தேதிகள், இதனால என் வேலையில தள்ளிப்போனது இது. அடுத்த மாசம் எப்படிப் பிரிக்கலாம்?" என்றால் நிரூபிக்க எதுவும் இல்லை, எல்லாம் டிக்கெட்டுகளைப் பதிந்து வைக்கும் ஜிராவில் இருக்கிறது. ஏன் இப்படி ஆகிறது என்று லீட் கேட்டால், "அதை அவர்கிட்டயே கேட்டுடுங்க" என்பது போதும். பேசி முடித்ததும் அதையே இரண்டு வரி மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்.

துப்பறியும் வேலை உங்களுக்கு வேண்டாம். அவர் ஸ்கிரீனைப் போனில் படம் எடுத்தால், பல கம்பெனிகளில் அதுவே பாதுகாப்பு விதிமீறல். கம்பெனிக்குத் தெரிய வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி உண்டு. இரண்டாவது வேலையிலும் பிஎஃப் பிடித்தால் அவருடைய பிஎஃப் கணக்குகளை இணைக்கும் ஒரே யுஏஎன் எண்ணில் இரண்டு கம்பெனிகளின் தொகையும் ஒரே மாதத்தில் ஏறும். சிலர் மாட்டியது அப்படித்தான் என்று சொல்வார்கள்.

எச்ஆருக்குப் பெயரில்லாத மெயில் என்பதை நான் கடைசியில் வைப்பதற்கு பயம் காரணமில்லை. முதலில், ஐந்து பேர் டீமில் பெயரில்லாத புகார் என்று ஒன்று கிடையாது. யார் எழுதியது என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும், 'போட்டுக்கொடுத்தவன்' என்ற பெயர் அடுத்த டீமுக்கும் கூடவே வரும். அடுத்து, விளைவு உங்கள் கையில் இல்லை. நீங்கள் கேட்டது வேலைப் பங்கீடு. கிடைப்பது எச்சரிக்கையாகவும் இருக்கலாம், வேலை நீக்கமாகவும் இருக்கலாம். வேலையை முறையாக விட்டதற்கான ரிலீவிங் லெட்டர் சரியாக வராவிட்டால் அடுத்த வேலை கிடைப்பதே கஷ்டம். ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கிற அளவுக்கு அது போகலாம். இவ்வளவும் நடந்தாலும் உங்கள் சுமை குறையாது. அந்த இடத்துக்குப் புது ஆள் வர மாதங்கள் ஆகும், வந்த பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருவதும் நீங்கள்தான்.

ஆனாலும் நேரே எச்ஆருக்கோ செக்யூரிட்டி டீமுக்கோ போயே ஆக வேண்டிய சமயங்கள் உண்டு. கிளையன்ட்டின் டேட்டாவையோ கம்பெனியின் சாஃப்ட்வேர் புரோகிராமையோ வெளிவேலைக்கு எடுக்கிறார், போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்கிறார், உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கிறார், தன் ஆக்சஸ் கார்டை உங்களைத் தேய்க்கச் சொல்கிறார். இங்கே இரக்கத்துக்கு இடமில்லை. தெரிந்தும் மூடி வைத்தால் நாளைக்கு விசாரணையில் உங்கள் பெயரும் வரும். உங்கள் லாகினில் நடந்தது என்றால் முதலில் வருவதே உங்கள் பெயர்தான். அப்போதும் சொந்தப் பெயரில், உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

அரசு அலுவலகத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-ன்படி முன் அனுமதி இல்லாமல் தொழிலோ வேறு வேலையோ செய்யக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் கொள்கை இல்லை அது, விதி. கஷ்டப்படுவதும் சக ஊழியர் மட்டுமில்லை, சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் நடையாய் நடக்கும் மனிதர்கள். அதனால் அங்கே ரொம்ப நாள் பொறுத்துப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் கண்காணிப்பாளரிடம் பேச வேண்டியது ரியல் எஸ்டேட்டைப் பற்றி இல்லை, தேங்கிய கோப்புகளைப் பற்றி. ஒவ்வொருவரிடமும் வந்த கோப்புகளைப் பதியும் தன்பதிவேட்டைப் புரட்டினாலே எது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாம் தெரிந்தும் லீட் ஒன்றும் செய்யவில்லை, அல்லது சைடு வேலை பார்ப்பதே லீட்தான் என்றால் மிச்சமிருப்பவை இரண்டு: அவருக்கு மேலே போவது, அல்லது டீம் மாறுவது. மேலே போனால் பழைய மெயில்களை வைத்துக்கொண்டு, அதே பங்கீட்டுப் பேச்சோடு போக வேண்டும், அதுவும் அப்ரைசலுக்கு முன்பு. ரேட்டிங் வந்த பிறகு போனால் மார்க் குறைந்த வயிற்றெரிச்சல் என்று ஒதுக்கிவிடுவார்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் நான் டீம் மாறச் சொல்வேன். உள்ளேயே வேறு ப்ராஜெக்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்து விண்ணப்பியுங்கள். காரணம் கேட்டால் புது டெக்னாலஜி கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் போதும், விட்டுவந்த டீமைப் பற்றி இன்டர்வியூவில் பேச வேண்டியதில்லை.