ரோஸ்ஹில் பழைய டிவிடி கடை: ஆடியோவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

மொரீஷியஸின் ரோஸ்ஹில் மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, துணிக்கடை மாடியில் இருக்கிறது, பெயர்ப்பலகை கிடையாது. பிரையன் காக்ஸ் நடித்த படங்களைத் தேடி மூன்று சனிக்கிழமை தொடர்ந்து போனேன். 'சக்சஷன்' தொடரில் பிள்ளைகளை ஆட்டிவைக்கும் அப்பா லோகன் ராயாக அவரைப் பார்த்ததிலிருந்து அவருடைய பழைய படம் ஒன்றையும் விடக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

முதலில் கிடைத்தது 1986இல் வந்த 'மேன்ஹன்டர்'. மனித மாமிசம் தின்னும் கொலைகாரன் ஹானிபல் லெக்டரைத் திரையில் முதலில் செய்தவர் காக்ஸ்தான், ஆந்தணி ஹாப்கின்ஸ் வந்தது ஐந்து வருடம் கழித்து. பிரெஞ்சுப் பதிப்புக்கு 'ல சிசியெம் சான்ஸ்' என்று வேறு பெயர் என்பதால், உறையில் அவர் பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். 125 ரூபாய். வீட்டில் போட்டால் பிரெஞ்சு ஆடியோ மட்டும்! எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு புரியும், சிக்கல் அதில்லை. அவர் வருவதே சில நிமிடம், வெள்ளை வெளேரென்ற சிறை அறையில், அலட்டாமல், பேசியே நம்மைக் கலங்கடிக்கிறார். அந்தக் குரலை எடுத்துவிட்டு இன்னொருவர் குரலை ஒட்டினால் அப்புறம் என்ன மிச்சம்?

ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிறந்து, எட்டு வயதில் அப்பாவை இழந்து, பதின்வயதிலேயே ஊர் நாடக அரங்கில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸாக நடித்து பிரிட்டனின் நாடக விருதான ஒலிவியர் விருது வாங்கினார், 1990இல் நேஷனல் தியேட்டரில் லியர் அரசன். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வருடக்கணக்காகப் பேசிப் பழகிய தொண்டையை கேமரா முன்னால் அடக்கி வைத்துக்கொள்வதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. லோகன் கத்தும்போது அல்ல, தணிந்து பேசும்போதுதான் பிள்ளைகள் நடுங்குகிறார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். மறுவாரம் டிவிடியைத் திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் முகம் சுளிக்கவே இல்லை, மாற்றிக்கொள்ளச் சொன்னார். கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன டிவியும் பிளேயரும் இருக்கின்றன, கேட்டால் போட்டுக் காட்டுவார், எனக்கு அது முன்பே தெரியாமல் போயிற்று. நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்காக நடித்து காக்ஸ் எம்மி விருது வாங்கிய 'நியூரம்பர்க்' இருந்தது, அங்கேயே நின்று பத்து நிமிடம் பார்த்து, ஆங்கில ஆடியோதான் என்று தெரிந்த பிறகே காசு கொடுத்தேன்.

எந்த வரிசையிலும் அடுக்கவில்லை, பொறுமையாகத் தேட வேண்டும். மாடிப்படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். கார்டு வாங்கமாட்டார். போன வாரம் மேல்தட்டில் 'டிராய்' ஒன்று இருந்தது, அதில் கிரேக்க மன்னன் அகமெம்னன் காக்ஸ்தான், ஆங்கில ஆடியோ உண்டு. என்னிடம் ஏற்கெனவே இருப்பதால் விட்டுவிட்டு வந்தேன்.